காலனி ஓட்டு யாருக்கு விழுந்தது?

மேல்சித்தாமூரைத் தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள ஊராக வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். தேர்தல் வந்துவிட்டால் அதுவும் செஞ்சி வட்டத்து ஊர்களில் ஒன்றுதான். வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாள் இந்தப் பக்கத்து டீக்கடைகளில் முதலில் எழும் கேள்வி, 'காலனி பூத்துல யாருக்கு எவ்வளவு?' என்பதே. ஊர்த் தெரு யாருக்குப் போட்டது என்று எவரும் கேட்பதில்லை. அங்கே இருப்பவர்கள் தனித்தனி வாக்காளர்களாம். காலனியில் இருப்பது மட்டும் ஒரே மூட்டையாம்.

இந்தக் கணக்கு எவ்வளவு பொய் என்பதைக் கடந்த தேர்தல்களே சொல்கின்றன. செஞ்சி வட்டத்து கிராமங்கள் செஞ்சி, மயிலம் என்ற இரண்டு பொதுத் தொகுதிகளுக்குள் பிரிந்து கிடக்கின்றன. 2011இல் செஞ்சியில் வென்றது பாட்டாளி மக்கள் கட்சி. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் அக்கட்சிக்குக் கிடைத்ததே மூன்று இடங்கள்தான். அப்போது பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் தி.மு.க. அணியில் ஒன்றாக இருந்தன. சிறுத்தைகளின் கொடி பறந்த தெருக்களிலும் மாம்பழத்துக்கு ஓட்டுக் கேட்டார்கள். மறு ஆண்டு நவம்பரில் தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. அதன் பிறகு அப்படி ஒரு கூட்டணியை இங்கே யாரும் பேசக்கூட முடியவில்லை. 2016இலும் 2021இலும் செஞ்சியில் தி.மு.க.வின் மஸ்தான் வென்றார். அதே 2021இல் பக்கத்து மயிலம் பா.ம.க.வுக்குப் போனது. சின்னத்தையும் கூட்டணியையும் மேலே யாரோ முடிவு செய்கிறார்கள். காலனி ஓட்டு அந்தப் பக்கம் 'மாற்றப்படும்' என்று கணக்கு எழுதுகிறார்கள்.

தனித் தொகுதிகளையும் பாருங்கள். பக்கத்திலுள்ள திண்டிவனம், வானூர் இரண்டுமே தனித் தொகுதிகள். 2021இல் இரண்டிலும் அ.தி.மு.க. வென்றது. வானூரில் சிறுத்தைகள் கட்சி நின்றும் தோற்றது. காலனி மொத்தமும் ஒரே பக்கம் சாயும் என்றால் இது எப்படி நடந்தது? இரட்டை இலையைத் தவிர வேறு சின்னம் அறியாத பாட்டிகளும், உதயசூரியனுக்கே போட்டுப் பழகிய பெரியவர்களும், பானைக்கு ஓடியாடி வேலை செய்த பையன்களும் ஒரே தெருவில்தான் குடியிருக்கிறார்கள். தனித் தொகுதியில் யார் ஜெயிப்பது என்பதை ஊர்த் தெரு ஓட்டும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அம்பேத்கர் அஞ்சியதும் இதைத்தான்.

நாம் இன்று பேச வந்தது இதைவிடச் சிறியதாகத் தோன்றும் ஒன்றைப் பற்றி. காலனியில் எவ்வளவு விழுந்தது என்பது டீக்கடைக்கு எப்படித் தெரிகிறது? ஓட்டு ரகசியம் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே!

ஒரு சாவடிக்கு ஒரு மின்னணு இயந்திரம். எண்ணும்போது சாவடி வாரியாக எண்ணுகிறார்கள். முடிவையும் சாவடி வாரியாகவே படிவம் 20இல் வெளியிடுகிறார்கள். காலனிக்கென்று தனிச் சாவடி இருந்தால், அந்தத் தெருவே யாருக்குப் போட்டது என்பது அன்று மாலையே ஊருக்குத் தெரிந்துவிடும். தனி மனிதரின் ஓட்டு ரகசியமாகத்தான் இருக்கிறது. தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபோது அந்தப் பாதுகாப்பு போய்விட்டது.

தெரிந்தால் என்ன என்று கேட்கலாம். தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, நூறு நாள் வேலை, குடிநீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் அடுத்த ஐந்தாண்டு யாரிடம் போய் நிற்கப் போகிறோம் என்பதை நினைத்துப் பார்த்தால் பதில் கிடைக்கும். 2019இல் உத்தரப் பிரதேசத்தில் பிரசாரம் செய்த மேனகா காந்தி, கிடைத்த ஓட்டை வைத்துக் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வேலை செய்வோம் என்று மேடையிலேயே சொன்னார். தேர்தல் ஆணையம் அவரைக் கண்டித்தது. அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான். இங்கே சொல்லாமல் செய்கிறார்கள்.

இதற்கு மருந்தும் இருக்கிறது. பதினான்கு இயந்திரங்களை இணைத்து மொத்த எண்ணிக்கையை மட்டும் காட்டும் 'டோட்டலைசர்' என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தச் சாவடியில் பின்தங்கினோம் என்று தெரிந்தால்தானே அங்கே கூடுதலாக உழைக்க முடியும் என்பது அரசுத் தரப்பின் வாதம். உழைக்கவா, தண்டிக்கவா என்பது நம் தெருக்களுக்குத் தெரியும்.

ஆச்சரியம் என்னவென்றால், கூட்டணிக் கணக்கில் நம்மைச் சேர்த்துக்கொள்ளும் எந்தக் கட்சியும் இந்தப் பக்கத்து மேடைகளில் இதைப் பேசி நாம் கேட்டதில்லை. நம் தலைவர்களுக்கும் இதைச் சேர்த்தே சொல்கிறோம். காலனியின் ஓட்டை எண்ணிக் காட்டினால்தான் கூடுதல் சீட்டுக் கேட்க முடியும் என்ற நினைப்பு அவர்களிடமும் இருக்கிறது. அந்தப் பேரத்தில் கிடைப்பது அவர்களுக்கு. அதன் விலையைக் கொடுப்பது தெரு.

கல்லூரிப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊர்ச் சாவடியின் படிவம் 20ஐத் தேர்தல் துறை இணையதளத்தில் எடுத்து, வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நம் தெரு எவ்வளவு வெட்டவெளிச்சமாக இருக்கிறது என்று அவர்கள் பார்க்கட்டும். அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர், எந்தக் கொடியோடு வந்தாலும் சரி, அவரிடம் அந்தத் தாளை நீட்டிக் கேளுங்கள்: இதைக் கலந்து எண்ண உங்கள் கட்சி சம்மதிக்குமா, சம்மதிக்காதா?