வெளியே வண்ணம்! உள்ளே தேய்மானம்!

சங்ககிரி மலைக்கோட்டையை அண்ணாந்து பார்த்திருப்பாய், தோழா! மதிலுக்கு மேல் மதிலாக நிற்கும் அந்தக் கோட்டையில்தான் 1805-ஆம் ஆண்டு தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது வெள்ளையர் ஆட்சி. களத்தில் வென்றா அவரைப் பிடித்தார்கள்? இல்லை! உடனிருந்த சமையற்காரனே காட்டிக் கொடுத்தான் என்று கொங்கு நாடு இன்றும் சொல்கிறது. 'உட்பகை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். மனிதனுக்கு மட்டுமா உட்பகை? எந்திரத்துக்கும் உண்டு. அதன் பெயர் தேய்மானம்!

அண்மையில் நம்மூர் லாரி ஓட்டுநர் ஒருவர் தேநீர்க் கடையில் சொன்னார். குமரி மாவட்டத்துக் குளச்சலுக்கு லோடு ஏற்றிச் சென்றவர் அவர். கடற்கரையில் ஒரு மீனவத் தோழர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாராம். வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார், டூ ஸ்ட்ரோக், பழையது; கடன் வாங்கி வாங்கியிருக்கிறார். பளபளக்கும் புது வண்ணம்! கயிற்றை இழுத்ததும் உறுமியது. வேறென்ன வேண்டும் என்று பணத்தை எண்ணிக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் நடுக்கடலில் நின்றது. பக்கத்து வள்ளம் கட்டி இழுத்து வந்ததால் உயிர் தப்பியது. மோட்டார் போயிற்று, கடன் நிற்கிறது!

லாரி பழுதானால் சாலையோரம் நிற்கும். கடலில் மோட்டார் நின்றால்? காற்று தள்ளும் திசைதானே கதி!

"தலைவிதி" என்றாராம் ஒருவர். "எலுமிச்சம்பழம் கட்டாத குற்றம்" என்றாராம் மற்றொருவர். விதியுமல்ல, குற்றமுமல்ல தோழா! அங்கே தேவைப்பட்டது எலுமிச்சம்பழமா? கம்ப்ரஷன் கேஜ்!

நம் லாரி என்ஜினுக்கு அடியில் ஆயில் தொட்டி உண்டு. பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு அது இல்லை. எரிபொருளோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் காவல். கலவையில் ஆயில் குறைந்தால் இரும்பை இரும்பு தின்னும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது குமரிக் கரையிலும் கேரளக் கரையிலும் வழக்கம். மண்ணெண்ணெயால் செலவு குறையும். ஆனால் கரி படியும், ரிங் ஒட்டிக்கொள்ளும். குளிர்விக்க ஏறும் கடல்நீரின் உப்பு வழியை அடைத்தால் சூடு மீறும்; பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைக் கீறும். இவற்றில் எதை மேலே பூசிய வண்ணம் காட்டும்?

காட்டுவது அளவுகோல்! மோட்டாரைத் தண்ணீரில் வைத்து ஓட்டிச் சூடேற்று. விற்பவர் முன்கூட்டியே உள்ளே ஆயில் ஊற்றியிருந்தால் முள் பொய் சொல்லும். ஓட்டினால் அந்தப் பொய் கரையும். பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் ஒயர்களை எர்த் செய். திராட்டிலை முழுதும் திற. ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பொருத்தி, ஒரே எண்ணிக்கையில் கயிற்றை இழு. சிலிண்டர்களுக்குள் 100-க்கு 10, 15 பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஐயப்படு. குறைந்ததில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி பார். முள் நன்கு ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கலாம்; ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கெட்டையும் பார்.

அத்துடன் விட்டுவிடாதே! பிளக்கின் முனையில் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. பிளைவீலை மேலும் பக்கவாட்டிலும் அசைத்துப் பார். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கில் கோளாறு. கியர் ஆயில் பால் போல் வெளுத்திருந்தால் சீலைத் தாண்டித் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்ற நேர்ந்தால் போரை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அள. வட்டம் முட்டையாகியிருந்தால் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடத்தான் வேண்டும். இந்த வேலை சங்ககிரிப் பட்டறைத் தோழனுக்குத் தெரியாததா?

தெரிந்த கை இங்கே இருக்கிறது. தேவைப்படும் கை அங்கே கடற்கரையில் இருக்கிறது. இரண்டையும் சேர்ப்பது யார்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் படகும் மோட்டாரும் கொடுத்தவர் பலர். பழுதறியக் கற்றுக் கொடுத்தவர் எத்தனை பேர்? மானியம் தரும் கை, அளவுகோலையும் தரக் கூடாதா? மோட்டார் விலைக்கு முன்னால் கேஜின் விலை கடுகளவு! மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒவ்வொன்றிலும் ஒரு கேஜ் இருக்கட்டும். கடலோரத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தப் பாடம் நடக்கட்டும். பழைய மோட்டார் கைமாறும்போது, அளந்தெழுதிய சீட்டும் கூடவே கைமாறட்டும்!

ஏழை ஏமாறுவது அறிவில்லாததால் அல்ல. அளக்கும் கருவி அவன் கையில் இல்லாததால்! விற்பவன் வாய் ஆயிரம் பேசும். முள் ஒன்றுதான் பேசும். தோழா, வாயை நம்பாதே. முள்ளைப் பார்!