தலையெழுத்தா? தவறான ஒதுக்கீடா?

“பிள்ளைக்கு ஆயுள் அவ்வளவுதான், பிரமன் எழுதியதை அழிக்க யாரால் முடியும்?” என்று ஏழைத்தாய்க்கு ஆறுதல் கூறுகின்றனர் ஊர்ப் பெரியவர்கள்.

நாம் கேட்கிறோம். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி, உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் மாண்டவை கேரளத்தில் 6. மத்தியப் பிரதேசத்தில் 43. பிரமன் என்ன, அங்கொரு எழுத்தாணியும் இங்கொரு எழுத்தாணியுமா வைத்திருக்கிறான்? இந்தியா முழுமைக்கும் நகர்ப்புறத்தில் 19, சிற்றூர்ப்புறத்தில் 31. விதியும் நகரத்து எல்லை பார்த்தா நடக்கிறது?

இல்லை, தோழர்களே! செவிலியும் தூய நீரும் தடுப்பூசியும் தாய்க்குக் கல்வியும் உள்ள இடத்தில் குழந்தை பிழைக்கிறது. இல்லாத இடத்தில் மாள்கிறது. அதற்குப் பெயர் விதியன்று, ஒதுக்கீடு!

ஆள்வோரோ சராசரி பாடுகின்றனர். 2017-ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கொள்கை, இந்தச் சாவு விகிதத்தை 2019-க்குள் 28 ஆகக் குறைப்போம் என்றது. ஓராண்டு தாழ்ந்து 2020-இல் 28 வந்தது. வரவேற்கிறோம். ஆனால், அந்த 28-க்குள் 6-ம் இருக்கிறது, 43-ம் இருக்கிறதே! வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் காட்டித் தேறாத மாணவனைத் தேற்றிவிட முடியுமா? யாருக்கு எந்தப் பாடத்தில் துணை தேவை என்று அறியத்தானே மதிப்பெண் பட்டியல்?

அதே கொள்கை, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் நூற்றுக்கு 2.5 பங்கை 2025-க்குள் அரசுகள் மக்கள் நலவாழ்வுக்குச் செலவிடும் என்றும் உறுதி கூறிற்று. ஆண்டு வந்தது, அளவு வரவில்லை! 2021-இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கும் அவ்வாண்டில் எடுக்கப்படவில்லை. தலைகளை எண்ணாமல் தேவையை அளப்பது எங்ஙனம்?

“பின்தங்கிய பகுதிக்கே பணமெனில், முன்னேறியவன் தண்டிக்கப்படுவானே” என்பர் சிலர். முன்னேறியவன் பங்கைப் பறிக்கச் சொல்லவில்லை. வாக்களித்த அளவுக்குக் கருவூலத்தைத் திறந்து, கூடுதலாக வருவதைச் சாவு மிகுந்த மாவட்டங்களுக்கு முதலில் அனுப்புக என்கிறோம். மாவட்டந்தோறும் கணக்கை வெளியிடுக! சென்ற பணத்தால் சாவு குறைந்ததா என்று ஆண்டுதோறும் விடை கூறுக!

கணக்கு, கொலுவில் வைக்கும் பொம்மையன்று; கடமையின் வழிகாட்டி. அதனைப் பார்த்தும் நடவாதவர், பிரமன்மீது பழி போட்டுத் தப்ப விடலாகாது!