‘ஊர்ல எந்தப் பக்கம்?’

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் எளாவூரில் என் அக்கா வீட்டில் யாரும் உட்காரவில்லை. அக்கா மகள் சென்னையில் வேலைக்குச் சேருகிறாள். பொன்னேரி அரசுக் கல்லூரிக்கு மூன்று வருடம் ரயிலில் போய்வந்து பட்டம் வாங்கியவள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை கிடைத்திருப்பது தென்சென்னையில், இரவு ஷிப்டும் உண்டு. நம் பக்கத்து மின்ரயில்களில் பல கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். எளாவூர் தாண்டி சூளூர்பேட்டை வரை போகிற வண்டிகள் குறைவு. தினமும் போய்வர முடியாது. அறை எடுத்துத் தங்கத்தான் வேண்டும்.

சனிக்கிழமை காலையிலேயே வேலை தொடங்கிவிட்டது. அக்கா அரிசி புடைத்தார். மாமா பழைய தகரப் பெட்டியின் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். சின்னவன் சான்றிதழ்களை நகல் எடுக்கக் கும்மிடிப்பூண்டிக்கு ஓடினான். ஆயா பக்கத்து வீட்டில் சொல்லிவைத்து நண்டும் இறாலும் வாங்கிவரச் செய்தார். பாய், தலையணை, குக்கர், பக்கெட், ஒரு மூட்டை அரிசி, மிளகாய்த்தூள், புளி என்று எல்லாம் திண்ணையில் சேர்ந்தன. ஞாயிறு மதியம் அக்கா கடைசியாக ஒரு பொட்டலம் கட்டினார். சென்னாகுனிப் பொடியும் கொஞ்சம் கருவாடும். “வேலை முடிஞ்சு வந்து ஒண்ணும் செய்ய முடியலன்னா இதைப் போட்டுச் சாப்பிட்டுக்க” என்றார்.

சாயங்காலம் மூட்டை கட்டும்போது அந்தப் பொட்டலத்தை அவள் எடுத்துத் திரும்பவும் அடுப்படியில் வைத்ததைப் பார்த்தேன். “என்னம்மா?” என்றேன். “அந்த வீட்ல கருவாடு கூடாதுன்னு சொல்லிட்டாங்க மாமா. அம்மாகிட்ட சொல்லாதீங்க” என்றாள்.

ஏரிக்கரைப் பிள்ளை கருவாடு இல்லாமல் போகிறது. அது ஒரு பொட்டலக் கணக்கு மட்டும் என்றால் இங்கே எழுத வேண்டியதில்லை.

அதற்கு முன் இரண்டு வாரம் நானும் அவளும் அறை தேடி அலைந்தோம். போனில் பேசும்போது எல்லாரும் நன்றாகவே பேசினார்கள். நேரில் போனதும் கேள்வி ஆரம்பித்தது. “சொந்த ஊர் எது?” எளாவூர். “ஓ, செக்போஸ்ட் இருக்கே, அந்த ஊரா? ஊர்ல எந்தப் பக்கம்?” இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று ஊரில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். திசையையா கேட்கிறார்கள்? ஊரா, காலனியா என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில் அதற்குப் பதில் சொன்னதும், “வீட்ல கேட்டுட்டுப் போன் பண்றேன்” என்றார்கள். போன் வரவில்லை. இன்னொரு வீட்டில், “சைவம்தானே?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், வேறொருவருக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் சமைக்கலாம், கருவாடு மட்டும் கூடாது என்ற நிபந்தனையோடு சாவி கிடைத்தது. அலுத்துப்போய் சரி என்றோம்.

யாரும் எங்களைத் திட்டவில்லை. யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் இதில் உள்ள சிக்கல். பிறர் முன்னிலையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சிரித்த முகத்தோடு “போன் பண்றேன்” என்று சொன்னால் எந்தக் காவல் நிலையத்தில் என்னவென்று எழுதிக் கொடுப்பது?

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை, புதுக் கதையும் இல்லை. 1917இல் அமெரிக்காவில் படித்துத் திரும்பி, பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரப் போன அம்பேத்கருக்கு அந்த நகரத்தில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிக்காரர்களின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. ஒரு பூங்காவில் உட்கார்ந்து பொழுதைக் கழித்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு இருந்தது. வேலை இருந்தது. இரவு படுக்க ஓர் அறை இல்லை.

நம் பக்கத்தில் இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். பிற்காலத்தில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் கலந்துகொண்டவர். சிறுவயதில் கோவையில் படித்தபோது, தன் ஊரும் உறவும் தெரிந்தால் சாதி தெரிந்துவிடுமே என்று பயந்து மற்ற மாணவர்களோடு சேராமல், மணி அடிக்கும் வரை பள்ளிக்கு வெளியிலேயே இருந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி அந்தச் சிறுவனையும் துரத்தியிருக்கிறது.

இன்றைய நிலையை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பொருளியல் அறிஞர் சுகதேவ் தோரட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் டெல்லி வட்டாரத்தில் வாடகை வீடு கேட்டு ஒரு சோதனை நடத்தினார்கள். 2015இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரே மாதிரி வேலை, ஒரே மாதிரி வருமானம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயர் சொன்னவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் போனில் சாதகமான பதில். தலித் என்று தெரிந்தவர்களில் சுமார் 10 பேரில் 4 பேருக்கு மறுப்பு, அல்லது கூடுதல் நிபந்தனை. முஸ்லிம்களின் நிலை அதைவிட மோசம். அந்த 10 பேரில் 4 பேர் என்ற கணக்கைப் படித்தபோது அது டெல்லியின் கணக்கு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

“பிரச்னை என்றால் ஊரிலேயே இருந்து பிழைக்கலாமே” என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் நம் ஏரியிலேயே இருக்கிறது. பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களைச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இன்னாருக்கு இன்ன இடம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டை வராமலும் ஒருவரே எல்லாவற்றையும் வாரிக்கொள்ளாமலும் பார்த்துக்கொள்கிற ஏற்பாடு அது. ஆய்வாளர்கள் பாராட்டியிருக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பாட்டில் உரிமை பிறப்பால் வருகிறது. பாடு உள்ள மீனவர் ஊரில் ஒரு பையன் ஆளாகிக் குடும்பஸ்தன் ஆனால், ஊர்க் கணக்கில் அவன் பெயரும் ஏறும். ஏரியில் அவனுக்கும் ஒரு முறை வரும். அதே ஏரிக்கரையில் பிறந்த தலித் பிள்ளைக்கும் இருளர் பிள்ளைக்கும் அந்தச் சீட்டில் பெயர் இல்லை. பாடு போக மீதியுள்ள தண்ணீரில் சிறுவலை வீசுவதும், இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிப்பதும்தான் அவர்கள் பங்கு.

இதைச் சொல்லும்போது பட்டினவர்களைக் குற்றம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்து அவர்களும் திண்டாடுகிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் வேலை தேடி வெளியே போகிறார்கள். நான் சொல்ல வருவது ஒரு வித்தியாசம். அவர்கள் பிள்ளைக்கு வெளியில் சரிப்படவில்லை என்றால் திரும்பி வர ஒரு பங்கு தண்ணீராவது இருக்கிறது. நம் பிள்ளைக்கு நிலமும் இல்லை, பாடும் இல்லை. சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி இருக்கிறது, அவ்வளவுதான். நம் வீட்டில் பிள்ளை பெட்டி கட்டுவது நகர வாழ்க்கை ஆசையால் மட்டும் இல்லை. படிப்பு ஒன்றுதான் அவளுக்கு வந்த சொத்து, அந்தச் சொத்து செல்லுபடியாகிற இடம் வெளியூரில் இருக்கிறது. அங்கே கதவை அடைத்தால், அவளுடைய ஒரே சொத்தை முடக்குவதாகும்.

“வீடு அவங்களுது. யாருக்கு விடறதுன்னு அவங்க இஷ்டம்” என்று நம்மவர்களே சொல்கிறார்கள். வாடகை தரமாட்டார், வீட்டைக் கெடுப்பார் என்று சந்தேகம் இருந்தால் மறுப்பதை ஏற்கலாம். பிறப்பைக் காரணம் காட்டி மறுப்பது வேறு. கடை, ஹோட்டல், கிணறு, குளம் எல்லாம் ஒருவருடைய சொத்தாகவோ ஊருடைய சொத்தாகவோதான் இருந்தன. அங்கேயும் ஒரு காலத்தில் ‘அவங்க இஷ்டம்’தான். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு அந்த இஷ்டத்துக்கு எல்லை போட்டது. காசு வாங்கிக்கொண்டு நடத்துகிற வாடகைத் தொழிலுக்கும் அந்த எல்லை வரவேண்டும்.

தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017இல் ஒரு சட்டம் வந்து, 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும், வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. சாதியைக் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்கும் பிரிவு இல்லை. அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்ப்பது சட்டமன்றத்தால் முடியாத காரியம் இல்லை. இந்த மாவட்டத்திலிருந்து போன உறுப்பினர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.

இரண்டாவது, படிப்புக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. படிக்கிற வரை நம் பிள்ளைகளுக்கு அரசு விடுதி இருக்கிறது. சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதியில் தங்கிப் படித்து முன்னேறியவர்கள் எத்தனையோ பேர். இந்த விடுதிகளுக்கு 2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் கடைசித் தேர்வு எழுதியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். முதல் சம்பளம் வர இரண்டு மாதம் ஆகலாம். அதற்குள் முன்பணம், புரோக்கர் கமிஷன், முதல் மாத வாடகை எல்லாம் கையில் வேண்டும். போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகையில் கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு விடுதியில் தங்கிப் படிப்பவருக்குக் கிடைக்கும் படி ஆண்டுக்கு 6,000 ரூபாய், அதாவது மாதம் 500. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் வரும் 1,000 ரூபாயும் படிப்போடு நின்றுவிடும். இதிலிருந்து முன்பணம் சேர்த்துவைக்க யாரால் முடியும்? படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதம் நகரங்களில் தங்க இடம், திருப்பித் தரும் கடனாக முன்பணம் இவற்றை ஆதிதிராவிடர் நலத்துறை தரலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் ‘தோழி’ விடுதிகளில் முதல் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை தரலாம்.

மூன்றாவது நாமே செய்யக்கூடியது. நம் ஊர்களிலிருந்து போய்ச் சென்னையில் குடியிருப்பவர்கள் இன்று நிறையப் பேர். எந்தத் தெருவில் கேள்வி கேட்காமல் வீடு தருகிறார்கள், எந்தப் புரோக்கர் நேர்மையானவர் என்று அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப் படிப்பகத்திலோ இளைஞர் மன்றத்திலோ வைத்தால் அடுத்து போகிற பிள்ளை இரண்டு வாரம் அலைய வேண்டாம்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுக்காதீர்கள், ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள், கொடுத்த பணத்துக்கு ரசீது வையுங்கள். கல்லூரியில் சேர்ந்ததும், பாகுபாடு குறித்த புகாரை விசாரிக்கும் அலுவலர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், யூ.ஜி.சி. 2012இல் வகுத்த விதிப்படி அப்படி ஒருவர் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரைச் சொல்வதா, மறைப்பதா என்பது உங்கள் முடிவு. மறைக்க நேர்ந்தால் அது உங்கள் குற்றம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்தான் வெட்கப்பட வேண்டும்.

ஞாயிறு சாயங்காலம் எளாவூர் ஸ்டேஷனில் எல்லாரும் நின்றோம். மூட்டையை நான் தூக்கினேன், பெட்டியை மாமா தூக்கினார். வண்டி கிளம்பும் நேரத்தில் அக்கா மடியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். அடுப்படியில் பார்த்திருக்கிறார். “ரூம்ல வேணாம்னா ஆபீஸ்ல வச்சுத் தின்னு” என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

திங்கள் இரவு போன் செய்தாள். ஆபீஸில் கூட வேலைசெய்யும் ஒரு பெண் தன் அறையில் ஓர் இடம் காலி என்று சொன்னாளாம். அந்த வீட்டுக்காரம்மா கேட்டது ஒரே கேள்விதானாம்: “வாடகை எத்தனாம் தேதி தருவே?” அடுத்த மாதம் அங்கே மாறப் போகிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒருவர் கண்ணில் படுவது அதிர்ஷ்டமாக இருக்கும் வரை, சட்டம் கேட்டு நாம் பேசிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.