வெயில் மேல் போட்ட பழி

புதுக் கம்ப்யூட்டர் இடையிடையே ஹேங் ஆனால் சிவகாசிப் பக்கத்து வெம்பக்கோட்டை வெயிலும் கரண்டும்தான் காரணமாம். ஏசி போட்டு, யுபிஎஸ் வைத்து, ஃபார்மட் அடித்தால் தீர்ந்ததாம். நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். வெயிலும் கரண்டும் கெடுக்கும், மறுக்கவில்லை. ஏசி அறையிலேயே உறைந்த கம்ப்யூட்டர்களுக்கு என்ன பதில்?

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பல, உலகெங்கும் இப்படித்தான் தடுமாறின. மைக்ரோகோடில் இருந்த பிழையால் பிராசசர் அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டது என்று 2024 ஜூலையில் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் பயாஸ் அப்டேட்டாகத் திருத்தம் வந்தது. வாரண்டியை 2 ஆண்டு நீட்டினார்கள். ஏற்கெனவே சேதமான சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது, மாற்றித்தான் வாங்க வேண்டும். அதற்கு ஃபார்மட் அடித்து என்ன பயன்?

எல்லாப் பழியும் இன்டெல்லுக்கு அல்ல. சில நேரம் ரேம்தான் குற்றவாளி. பயாஸில் ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பியை அணையுங்கள்; ஒரே ஒரு ரேமைச் செருகி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள்; அடுத்ததையும் அப்படியே. வெயில் தணியட்டும் என்று காத்திருந்தால் வாரண்டிதான் தீரும், கடைக்காரருக்குக் கொண்டாட்டம்.