“பொறுமையா இருங்கம்மா”ன்னு இனிமே நாங்க சொல்ல மாட்டோம்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் கருத்து போடுங்க.

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு பாத்திரமெல்லாம் கழுவி வச்ச பிறகு, கோயில் மண்டபத்துல ஒரு ஓரமா மேசை போட்டு உட்காருவோம். மலாய்ப் பாரம் நிரப்பத் தெரியாதவங்களுக்கு உதவணும்னு ஆரம்பிச்சது. இப்போ அங்க வர்றவங்கள்ல பாதிப்பேர் ஒரே விஷயத்துக்குத்தான் வர்றாங்க. நம்ம நாட்டுப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு தமிழ்நாட்டுல இருந்து வந்த பெண்கள். கையில ஒரு ஃபைல் இருக்கும். கல்யாணப் பத்திரம், பிள்ளைகளோட பிறப்புப் பத்திரம், காலாவதியான பாஸ்போர்ட், மங்கிப்போன ரசீதுகள் எல்லாம் அதுக்குள்ள. கேள்வி ஒண்ணுதான்: “அண்ணே, எங்க விண்ணப்பம் எப்ப முடியும்?”

இத்தனை வருஷமா நாங்க சொன்ன பதில், “பொறுமையா இருங்கம்மா, அம்பாள் பார்த்துக்குவா.” இனிமே அதைச் சொல்றதா இல்லை. அம்பாள் மேல நம்பிக்கை இல்லாமப் போனதால இல்லை. அமைச்சும் இலாகாவும் சொல்ல வேண்டிய பதிலை அம்பாள் தலையில கட்டுறது தப்புன்னு இப்பத்தான் உறைச்சிருக்கு.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 15(1)ஆவது பிரிவுப்படி, குடிமகன் ஒருவரின் மனைவி, விண்ணப்பத்துக்கு முந்தைய 2 ஆண்டுகள் இங்கேயே வசித்திருந்து, நிரந்தரமாக இங்கேயே இருக்கும் எண்ணமும் நன்னடத்தையும் உள்ளவராக இருந்தால், குடிமகளாகப் பதிவு பெற உரிமை உடையவர். உரிமைன்னுதான் அங்க எழுதியிருக்கு. சலுகைன்னு எழுதல.

நடைமுறை வேற மாதிரி. கல்யாணம் ஆனதும் கிடைப்பது நீண்டகால சமூக வருகை அனுமதி. பேரே “வருகை”தான், விருந்தாளி மாதிரி. அந்த அனுமதியில தொடர்ந்து 5 வருஷம் இருந்த பிறகுதான் நிரந்தரவாசத்துக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு, விண்ணப்பிக்க முடியும். அது கிடைச்சு 2 வருஷம் கழிச்சுத்தான் குடியுரிமைப் பாரம். ஒருநாள் கூட தாமதம் ஆகலைன்னு வச்சுக்கிட்டாலே 7 வருஷம். சட்டத்துல இருக்கிற 2, கவுண்டருக்கு வரும்போது 7 ஆயிடுது. அதுக்கு மேல சிவப்பு ஐசிக்கு ஒரு காத்திருப்பு, குடியுரிமைக்கு இன்னொரு காத்திருப்பு. இத்தனை மாசத்துக்குள்ள முடிவு சொல்லியே ஆகணும்னு அரசியலமைப்புல எந்தக் கெடுவும் இல்லை. நிராகரிச்சா காரணமும் சொல்றதில்லை. ஒரு வரிக் கடிதம், அவ்வளவுதான். எதைத் திருத்தி மறுபடி விண்ணப்பிக்கிறது?

சரி, காத்திருந்தா என்ன, குடும்பமாத்தானே இருக்காங்கன்னு கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

வருகை அனுமதியைப் புதுப்பிக்கணும்னா கணவரும் கூட வரணும். வேலை செய்யணும்னா அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். ஆக, ஒரு பொண்ணு இந்த நாட்டுல இருக்கிறதா வேண்டாமாங்கிறது, அன்னைக்குக் காலையில புருஷன் மோட்டாரை எடுக்கிறாரா இல்லையாங்கிறதுல இருக்கு.

கொஞ்ச காலம் முன்னாடி ஒரு தங்கச்சி எங்க மேசைக்கு வந்தாள். கன்னத்துல வீக்கம். முந்தானையால மறைச்சிருந்தாள். போலீஸுக்குப் போகலாம்மா, நாங்க கூட வர்றோம்னோம். வேண்டாம்னுட்டாள். அவள் கேட்டது வேற: “அண்ணே, செவ்வாய்க்கிழமை பாஸ் முடியுது. அவரை மட்டும் கவுண்டருக்கு வரச் சொல்லுங்க. வரமாட்டேங்கிறார். பாஸ் போனா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க, பிள்ளை இங்கேயே நின்னுடும்.”

நாங்க அவர் வீட்டுக்குப் போனோம். நல்ல வார்த்தை சொல்லி, கெஞ்சி, செவ்வாய்க்கிழமை வர வச்சோம். பாஸும் கிடைச்சது. நல்லது செஞ்சோம்னு நினைச்சு டீ குடிச்சிட்டு வந்தோம். அடிக்கிறவன் கையைப் பிடிச்சுக் கெஞ்சி, அவளைத் திரும்ப அதே வீட்டுக்குள்ள விட்டுட்டு வந்திருக்கோம்னு அப்புறம்தான் புரிஞ்சது. அந்தத் தங்கச்சி இப்போ கோயிலுக்கு வர்றதில்லை.

இன்னொருத்தர். புதுக்கோட்டைப் பக்கத்துல அப்பா தவறிட்டார். சிவப்பு ஐசிக்குக் கணக்கு ஓடிக்கிட்டிருந்த நேரம். “இப்ப வெளிய போனா 5 வருஷக் கணக்கு அறுந்துடும்”னு யாரோ ஒரு ஏஜெண்டு சொல்லியிருக்கான். உண்மையா பொய்யான்னு கவுண்டர்ல கேட்டா, உறுதியா ஒரு பதில் கிடைக்கல. பயந்துபோய்ப் போகல. எங்க மடப்பள்ளிப் படியில உட்கார்ந்து, கைப்பேசியில அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிறதைப் பார்த்தார். தெளிவா பதில் கிடைக்காத இடத்துலதான் ஏஜெண்டு கடை விரிக்கிறான். தாலியை அடகு வச்சு அவனுக்குக் காசு கொடுத்தவங்களும் இருக்காங்க.

இது பெண்களோட மட்டும் நிற்கல. நம்ம வீட்டுப் பொண்ணு இந்தியாவுல மாப்பிள்ளை எடுத்தா, அந்த மாப்பிள்ளைக்கு 15ஆவது பிரிவே கிடையாது. 19ஆவது பிரிவுப்படி, 12 வருஷத்துல மொத்தம் 10 வருஷம் இங்க இருந்திருக்கணும். நம்ம மகன் கட்டினா ஒரு கணக்கு, மகள் கட்டினா ஒரு கணக்கு.

2024 அக்டோபர்ல மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேத்துச்சு. வெளிநாட்டுல பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்கு அதுல நியாயம் கிடைச்சது, மனசார வரவேற்கிறோம். ஆனா அதே திருத்தத்துல இன்னொண்ணும் இருக்கு. முன்னே கல்யாணம் ஆன நாள்ல இருந்து 2 வருஷத்துக்குள்ள மணமுறிவு ஆனாத்தான் மனைவியோட குடியுரிமையைப் பறிக்க முடியும். இப்போ அந்த 2 வருஷம் குடியுரிமை கிடைச்ச நாள்ல இருந்து எண்ணப்படும். அதாவது, பத்துப் பதினைஞ்சு வருஷம் குடும்பம் நடத்தி, நீல ஐசி கையில வாங்கின பிறகும் அவள் இன்னும் 2 வருஷம் வாயைத் திறக்க முடியாது.

“போலிக் கல்யாணம் நிறைய நடக்குது, அதான் கெடுபிடி”ங்கிறாங்க. நடக்குது, இல்லைன்னு சொல்லல. நேர்காணல் வைங்க, வீட்டுக்கு வந்து பாருங்க, பக்கத்து வீட்டுல விசாரிங்க. ஆனா அதை முதல் வருஷத்துலயே செய்யுங்க. மூணு பிள்ளை பெற்று, மூத்தவன் தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு படிக்கிற குடும்பத்துல எந்தப் போலியைத் தேடுறீங்க?

“இங்க பொண்ணே கிடைக்கலையா, ஏன் ஊர்ல போய் எடுத்தீங்க?”ன்னு கேட்கிறவங்க நம்ம ஆளுங்கதான். நம்ம பூட்டன்மார்ல எத்தனை பேர் நாகப்பட்டினத்துல தனியா கப்பல் ஏறி வந்து, பெண்டாட்டியையும் பிள்ளையையும் அங்கேயே விட்டுட்டு இந்த ரப்பர்க் காட்டுல செத்தாங்க! பிரிஞ்ச குடும்பத்தோட வலி தெரிஞ்ச சமூகம் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

நாங்க கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் முடிவு சொல்ல எழுத்துல ஒரு கெடு வேணும். நிராகரிச்சா காரணம் எழுத்துல வேணும். போலீஸ் புகார் இருக்கிற பெண்ணுக்கும் கணவனை இழந்த பெண்ணுக்கும், கணவன் வராமலே பாஸ் புதுப்பிக்க எல்லாக் கவுண்டர்லயும் ஒரே மாதிரி வழி வேணும். வருகை அனுமதியிலேயே வேலை செய்யும் உரிமையும் சேர்ந்து வரணும்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. மண்டப வாடகை, மேளம், சாப்பாடு எல்லாத்துக்கும் பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம். பல கோயில்ல பதிவுத் திருமணமும் நாமே செஞ்சு வைக்கிறோம். தாலி ஏறின பிறகு அந்தப் பொண்ணு எந்த வரிசையில நிற்கப் போறாள்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தா என்ன குறைஞ்சுடும்?

காத்திருக்கிற குடும்பங்களுக்கு: எல்லா ரசீதையும் நகல் எடுத்து வைங்க. பாஸ்போர்ட்டையும் மூலப் பத்திரங்களையும் ஏஜெண்டு கையில கொடுக்காதீங்க. விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு உங்க தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் மண்டபத்துக்கு வாங்க, நாங்க எழுதித் தர்றோம். வீட்டுல அடி வாங்கிக்கிட்டு இருந்தா முதல்ல அதைச் சொல்லுங்க. பாஸ் விஷயம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த முறை நாங்க உங்க புருஷன்கிட்ட போய்க் கெஞ்ச மாட்டோம்.