தாதியரும் தராதரமும்

மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது எனக் கண்ட வள்ளுவர், நோயாளன், மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து பணி புரிவோனையும் ஒப்ப வைத்து எண்ணினார். அந் நான்காம் உறுப்புக்குச் சட்டம் இடந்தந்ததோ மிகப் பிந்தியே. தாதியரைப் பதிவு செய்தற்கெனத் தனிச்சட்டம் முதன்முதல் இயற்றிய நாடு நியூசீலாந்து, ஆண்டு 1901.

அதன்பின் தாதியின் பணி பெரிதும் விரிந்துள்ளது. 1965 இல் அமெரிக்காவின் கொலறாடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் புதியதொரு பயிற்சியைத் தொடங்கினர். வைத்தியர் அரிதாயிருந்த இடங்களிற் குழந்தைகளைப் பரிசோதித்து வேண்டுவன செய்தற்குத் தாதியர் அங்கே பயிற்றப்பட்டனர். அவ்வழி வந்தோர் இன்று நோயை நிர்ணயிக்கின்றனர், மருந்தும் எழுதுகின்றனர்.

அதிகாரம் பெருகுமிடத்துப் பொறுப்பும் பெருகல் வேண்டும். 2008 இல் அந்நாட்டில் வகுக்கப்பட்ட பொதுமாதிரி, நோய் நோக்கும் தாதி, மருத்துவிச்சித் தாதி, மயக்கமருந்து கொடுக்கும் தாதி, துறைசார் நிபுணத்துவத் தாதி என உயர்நிலைத் தாதியரை நால்வகைப்படுத்திற்று. பட்டப்பின் கல்வி, கல்விநெறிக்கு அங்கீகாரம், தேசியப் பரீட்சை, மாநில அனுமதி ஆகிய நான்கும் தம்முட் பொருந்தல் வேண்டும் எனவும் விதித்தது. ஆயினும் அனுமதி வழங்குவது மாநிலமே ஆதலின், ஓரிடத்தில் தாமாகவே மருந்தெழுதும் தாதி, எல்லை கடந்து வேறொரு மாநிலம் புகின் வைத்தியர் ஒருவரின் எழுத்து உடன்பாட்டை நாட நேர்வதுண்டு. எல்லை கடந்ததும் கற்ற கல்வி குறைந்துவிடுமோ?

பல்லாண்டு அனுபவம் இருக்கப் பரீட்சை எதற்கு என வினவுவாரும் உளர். அனுபவம் பெரிதென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சலிற் கிடப்பவன் அதனை அளந்தறிவது எங்ஙனம்? பொன்னின் மாற்றை உரைகல்லே காட்டும். தாதியின் தராதரப் பத்திரம் நோயாளிக்குக் கொடுத்த வாக்குறுதியாகும். ஒருமுறை கொடுத்த வாக்கை என்றும் காத்தல் வேண்டுமன்றோ? அந்நாட்டின் பெரிய சான்றிதழ் அமைப்பொன்று ஐந்தாண்டுக்கொருமுறை பத்திரத்தைப் புதுப்பிக்கச் செய்வது அக்கருத்துப் பற்றியே.

உரைத்துப் பார்த்தபின் பொன்னைப் பெட்டியிற் பூட்டி வைத்தலும் பேதைமையே. தேர்ந்தவரைத் தேர்ந்த தொழிலைச் செய்ய விடல் வேண்டும்.

எமது நாட்டிலும் 1988 ஆம் ஆண்டின் தாதியர் பேரவைச் சட்டம் பதிவுக்கு வழி வகுத்துள்ளது. அதன்மேல் உயர்படிகள் எழுப்பப்படும்போது, கல்வியும் பரீட்சையும் அதிகாரமும் ஒருங்கே செல்லுமாறு வகுத்தலே நன்று. தாதிமைத் தொழிலை நாடும் எம் மாணவர் இதனை மனங்கொள்வாராக. தராதரம் பெறுவது தமக்காக மட்டுமன்று, தம்மை நம்பிக் கைநீட்டுவோர்க்காகவும் ஆம்.