ஒன்றேகால் மணி நேரம் யாருக்கு?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையே 344 கிலோமீட்டர், விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். எங்கே தேடினாலும் ஏறக்குறைய இதுதான் பதில். தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பதிலை நம்பிக் கிளம்பிய ஒருத்தர்கூட ஒன்றேகால் மணி நேரத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்ததில்லை.

நிரலெழுதிப் பிழைப்பவன் நான். அதனால் இந்த எண் எப்படி வருகிறது என்று தெரியும். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை 6371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக வைத்து, ஹாவர்சைன் சூத்திரத்தில் போட்டால் தூரம் வந்துவிடும். அதை விமானத்தின் வேகத்தால் வகுத்து, ஏற இறங்க ஒரு முக்கால் மணி கூட்டினால் நேரமும் ரெடி. பத்து வரி போதும். சுலபமாகக் கணக்கிட முடிவதைக் கணக்கிட்டுவிட்டு, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

மனிதர்கள் கேட்பது வேறு: வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் எப்போது அங்கே இருப்பேன்? மத்திய லண்டனிலிருந்து ஹீத்ரோவுக்குப் பாதாள ரயிலில் ஒரு மணி. சோதனைகளுக்காக இரண்டு மணி முன்னதாகப் போகணும். சார்ல் து கோல் விமான நிலையம் பாரிஸுக்கு வெளியே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கிறது. இறங்கி, கடவுச்சீட்டு வரிசையில் நின்று, ரயில் பிடித்து ஊருக்குள் வர இன்னொரு ஒன்றரை மணி. மொத்தம் ஐந்தே முக்கால்.

யூரோஸ்டார் ரயில் போகும் பாதை 492 கிலோமீட்டர். நேர்கோட்டைவிட கிட்டத்தட்ட 150 அதிகம். ஆனால் 2007இல் இங்கிலாந்துப் பக்க அதிவேகப் பாதை முழுசாகத் திறந்த பிறகு பயணம் ஏறக்குறைய இரண்டேகால் மணிதான். இரண்டு நாட்டுக் கடவுச்சீட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். இறங்கினால் ஊருக்குள் இருக்கிறோம். வீட்டிலிருந்து நிலையத்துக்கு அரை மணி, அங்கே ஒரு மணி சேர்த்தாலும் நாலு மணிக்குள். தூரமும் அதிகம், வேகமும் குறைவு, ஆனால் முதலில் போய்ச் சேர்வது ரயில்தான்.

"தூரம் கேட்டான், சொன்னேன், அதுல என்ன?" என்பார்கள். என்னவா? 2023இல் பிரான்ஸ், ஓர்லியிலிருந்து போர்தோ, நாந்த், லியோன் போகும் விமானங்களை நிறுத்தியது. ரயிலில் இரண்டரை மணிக்குள் போகலாம் என்பதுதான் அளவுகோல். எந்த நேரத்தை எண்ணுகிறோம் என்பதில்தான் எது பறக்கும், எது நிற்கும் என்பதும் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ரயில் போய் நிற்கும் கார் து நோருக்குப் பக்கத்தில்தான் ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல். லண்டனில் வேலை பார்க்கும், இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே உள்ள ஒரு தம்பி, அங்கே இருக்கும் அக்காவைப் பார்க்க ஷெங்கன் விசா எடுக்கணும். விண்ணப்பத்துக்கு முடிவு சொல்ல விதி தரும் கெடுவே 15 நாள், அதற்கு மேலும் நீளலாம். பக்கத்து இருக்கையில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருப்பவரோ காலையில் நினைத்து மதியம் போய்விடுவார். இரண்டு பேருக்கும் நாம் காட்டுவது அதே ஒன்றேகால் மணி.

இதை எழுதும் சக நிரலாளர்களுக்குச் சொல்கிறேன்: சூத்திரத்தை விட்டுவிட வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு மேலே "பயண நேரம்" என்று எழுதாதீர்கள். "விமானம் நகரும் நேரம்" என்று எழுதுங்கள். அந்த நேர்மைக்கு ஒரு வரி போதும்.